அம்மாவின் காப்பீட்டு அட்டையும் ஒரு ‘ள்’ எழுத்தும்

இதயத்துக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு இருக்கிறது, ஸ்டென்ட் வைக்க வேண்டியிருக்கும் என்று சொன்ன கையோடு அரசு மருத்துவமனை மருத்துவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: “முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா?”

இல்லை. அம்மா முப்பது ஆண்டுகளாக உப்பளத்தில் வேலை செய்கிறார். அப்பா இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. பாலிடெக்னிக்கில் படிக்கும் தம்பியும் அம்மாவும் மட்டும்தான் அந்த வீட்டில். எனக்குத் திருமணமாகி வேறு ஊரில் இருக்கிறேன். மருத்துவர் இரண்டு வாரத்துக்கு மாத்திரை எழுதிக்கொடுத்து, “அதற்குள் அட்டையை வாங்கிவிடுங்கள் அம்மா” என்றார். வாங்குவதற்கு இருபத்தாறு நாட்கள் ஆயின. அந்த இருபத்தாறு நாட்களில் எங்கெங்கே தடுக்கியது என்பதை, இதே வழியில் போகப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியபோது ஊர் ஊராக வந்து குடும்பத்தைப் படம் எடுத்தார்கள். எங்கள் ஊருக்கு வந்த நாளில் அப்பாவும் அம்மாவும் பாத்தியில் நின்றிருந்தார்கள். கூலியை விட்டுவிட்டு வர முடியவில்லை. 2012 ஜனவரியில் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறியது. 2018இல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. இப்போது ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. இதெல்லாம் அம்மாவுக்கும் தெரியும். நோய் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார். எங்கள் தெருவில் பாதிப் பேர் இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறார்கள்.

கேட்கப்படும் ஆவணங்கள் மூன்றுதான்: ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று. மூன்றையும் எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டுப் பதிவு மையத்துக்குப் போனால் புகைப்படம் எடுத்து, கைரேகை பதிந்து, எண் கொடுத்துவிடுவார்கள். பதிவுக்குக் கட்டணம் கிடையாது. வாசலில் ஒருவர் “ஐந்நூறு கொடுங்கள், நானே முடித்துத் தருகிறேன்” என்று கேட்டார். கொடுக்காதீர்கள்.

முதல் வேலை வருமானச் சான்று. இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பித்தோம். அது கிராம நிர்வாக அலுவலரிடம் போய், அவர் விசாரித்து அனுப்பினால்தான் மேலே நகரும். அவருக்கு இரண்டு கிராமங்கள். இரண்டு நாள் அலைந்து மூன்றாம் நாள் பிடித்தோம். நல்ல மனிதர், அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்துத்தான் பேசினார்.

“மாத வருமானம் எவ்வளவு வரும் அம்மா?”

“எந்த மாதம் சார்?” என்றார் அம்மா.

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். படிவத்தில் ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. உப்பளத்தில் கோடையில் வாரம் முழுக்க வேலை இருக்கும். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் பாத்திகள் குளமாகிவிடும், தை வரை ஒரு ரூபாய் வராது. நடுவில் கண் வலி, கால் புண் என்று போகும் நாட்கள் தனி. ஒவ்வொரு மாதமாக அம்மா விரல் விட்டுச் சொல்லச் சொல்ல நான் தாளில் எழுதிக் கூட்டினேன். ஆண்டு வருமானம், இந்தக் காப்பீட்டில் சேர்வதற்கான உச்சவரம்பான 1,20,000 ரூபாய்க்கு மிகவும் கீழேதான் வந்தது. முன்பு இந்த உச்சவரம்பு 72,000 ரூபாயாக இருந்தது. 2022 ஜனவரியில் திட்டத்தைப் புதுப்பித்தபோது உயர்த்தினார்கள். உயர்த்தியிராவிட்டால் அம்மா வரம்பை ஒட்டி நின்றிருப்பார். ஒரு நல்ல கோடை அவரை வெளியே தள்ளியிருக்கும்.

அந்த மழை மாதங்களுக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு அரசே 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. அம்மாவும் வாங்கியிருக்கிறார். மழைக்காலத்தில் இந்தப் பெண்ணுக்கு வேலை இல்லை என்பது அரசாங்கத்தின் பட்டியலிலேயே பெயரோடு இருக்கிறது. அதையே மறுபடி நிரூபிக்க, நெஞ்சு வலியோடு இருப்பவர் மூன்று நாள் ஒரு வாசலில் உட்கார வேண்டுமா? எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை.

சான்று கைக்கு வர ஒன்பது நாட்கள். பத்தாம் நாள் அம்மாவையும் தம்பியையும் அழைத்துக்கொண்டு மாவட்டத் தலைநகருக்குப் போனேன். தாலுகா ஊர் வரை நகரப் பேருந்து, பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அதற்குமேல் வெளியூர்ப் பேருந்து, மூவருக்கும் டிக்கெட் எடுக்க வேண்டும். நாங்கள் போனது திங்கட்கிழமை. அன்று மக்கள் குறைதீர்க்கும் நாள், ஆட்சியர் அலுவலகம் முழுக்க மனுவோடு வந்தவர்கள். முடிந்தால் வேறு கிழமையில் போங்கள்.

எங்கள் முறை வந்தபோது மணி ஒன்று. மையத்தில் இருந்த பெண் ரேஷன் கார்டைப் பார்த்தார், ஆதாரைப் பார்த்தார், மறுபடியும் ரேஷன் கார்டைப் பார்த்தார். ஆதாரில் அம்மாவின் பெயர் ‘அம்மாள்’ என்று முடிகிறது. ரேஷன் கார்டில் ‘அம்மா’ என்று முடிகிறது. ஒரு ‘ள்’ இல்லை.

“இரண்டும் ஒத்துப்போகவில்லை அக்கா. திருத்திக்கொண்டு வாருங்கள்.”

படம் ஒன்றுதான், பிறந்த தேதி ஒன்றுதான், ஆதார் எண்ணும் அந்த ரேஷன் கார்டோடு இணைக்கப்பட்டதுதான் என்று சொல்லிப்பார்த்தேன். அந்தப் பெண்ணின் கையில் எதுவும் இல்லை, கணினி ஏற்க மறுத்தது. அம்மா எதுவும் பேசவில்லை. படியிறங்கும்போது மட்டும் நடுவில் நின்று, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினார். அந்த ‘ள்’ளை அவர் எழுதவும் இல்லை, விடவும் இல்லை. வேறு யாரோ தட்டச்சு செய்தது. அதற்கான அலைச்சல் மட்டும் அவருக்கு.

ரேஷன் கார்டைத் திருத்த எங்களுக்குக் கைகொடுத்தது இரண்டாவது சனிக்கிழமை. மாதந்தோறும் அன்று தாலுகாதோறும் பொது விநியோகத் திட்டத்துக்கான குறைதீர் முகாம் நடத்துகிறார்கள். பெயர் சேர்த்தல், நீக்கல், பிழை திருத்தம் எல்லாம் அங்கே பார்க்கிறார்கள். விண்ணப்பம் எழுதி, ஆதார் நகலைச் சேர்த்துக் கொடுத்தேன். இருபது நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் அந்தச் சனிக்கிழமைக்காக ஐந்து நாள் காத்திருந்தோம். திருத்தம் கணினியில் ஏறியதும் நடுவில் ஒரு முறை நான் மட்டும் போய்ச் சரிபார்த்து வந்தேன். அந்த நாட்களில் அம்மா இரவில் இரண்டு தலையணை அடுக்கிச் சாய்ந்துதான் தூங்கினார்.

அடுத்த முறை ஆவணங்கள் எல்லாம் சரியாக இருந்தன. கைரேகை விழவில்லை. ஆண்டுக்கணக்கில் உப்பை வாரிய கை. விரல் நுனியில் வரிகளே இல்லை, தேய்ந்த நாணயம் போல வழவழப்பாக இருந்தது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் என்று ஒவ்வொன்றாக வைத்தார். கருவியில் ஒவ்வொரு முறையும் சிவப்பு விளக்கு. அந்தப் பெண் எழுந்து வந்து தன் கைக்குட்டையை நனைத்து அம்மாவின் விரல்களைத் துடைத்து, மெதுவாக அழுத்திப் பிடித்துக்கொண்டார். “அவசரமே இல்லை அம்மா, இன்னொரு முறை வையுங்கள்.” இடது கை மோதிர விரலில் விளக்கு பச்சையானது. அம்மா அந்த விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வெளியே வந்தார்.

அதன்பிறகு எல்லாம் விரைவாக நடந்தது. மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் அட்டை எண்ணைக் கொடுத்தோம். பரிசோதனை அறிக்கைகளை அனுப்பி முன் அனுமதி வாங்கினார்கள். ஸ்டென்ட் வைத்தார்கள். சிகிச்சைக்கென்று நாங்கள் ஒரு ரூபாயும் கட்டவில்லை. திட்டம் நல்ல திட்டம், இதை அழுத்திச் சொல்கிறேன். அந்தத் தொகைக்கு நாங்கள் வட்டிக்கு வாங்கியிருந்தால் தம்பியின் படிப்பு அத்தோடு நின்றிருக்கும். அதனால்தான் அதன் வாசலில் இத்தனை தடைகள் இருப்பது என்னை உறுத்துகிறது.

வாசலை எளிதாக்க முடியும் என்பதை இதே அரசாங்கம் செய்து காட்டியிருக்கிறது. 2023இல் மகளிர் உரிமைத் தொகைக்கு விண்ணப்பம் வாங்கியபோது ரேஷன் கடை வழியாக வீட்டுக்கே டோக்கன் வந்தது. முகாம் நம் ஊரிலேயே நடந்தது. அதற்கும் வருமான வரம்பு உண்டு, ஆண்டுக்கு இரண்டரை லட்சம் ரூபாய். இருந்தும் வருமானச் சான்றை இணைக்கச் சொல்லவில்லை. நாம் சொன்னதை எழுதிக்கொண்டு, அரசிடம் ஏற்கெனவே இருந்த விவரங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு அப்படிச் செய்ய முடிந்திருக்கிறது. காப்பீட்டுக்கும் அதையே செய்யலாம். ரேஷன் கார்டில் முன்னுரிமைக் குடும்பம் என்று குறித்திருப்பவர்களை வருமானச் சான்று கேட்காமல் சேர்க்கலாம். பெயரில் ஓர் எழுத்து மாறினால் அங்கேயே திருத்தும் அதிகாரத்தை மையத்துக்குத் தரலாம். பதிவுக் கருவியை மாதம் ஒரு நாள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுவரலாம். மாத்திரை வாங்க வரும் சர்க்கரை, ரத்த அழுத்த நோயாளிகள் அன்றே பதிந்துவிடுவார்கள். அரசு மருத்துவ முகாம்களில் சில இடங்களில் காப்பீட்டுக்கும் ஒரு மேசை போடுகிறார்கள். அது உப்பளத்துக்கும் செங்கல் சூளைக்கும் வர வேண்டும், அதுவும் கூலி போகாத நேரத்தில்.

அதுவரை, உடம்பு நன்றாக இருக்கும்போதே போங்கள். போவதற்கு முன் 1800 425 3993 என்ற இலவச எண்ணில் கேளுங்கள். பழைய பதிவு இருந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

அம்மா வீட்டுக்கு வந்த மறுநாள் பக்கத்து வீட்டு அத்தை தன் காகிதங்களை மஞ்சள் பையில் போட்டு எடுத்துவந்தார். அவருக்கு ஒரு நோயும் இல்லை. திண்ணையில் உட்கார்ந்து ரேஷன் கார்டையும் ஆதாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் படித்தேன். பெயர் சரியாக இருந்தது. பிறந்த ஆண்டு இரண்டிலும் வேறு வேறாக இருந்தது. வருகிற இரண்டாவது சனிக்கிழமை முகாமுக்கு அவரோடு போகிறேன். தானும் வருவதாக அம்மா சொல்லியிருக்கிறார்.