ஹைலக்ஸ் முன் டிஸ்க், ஹப் மாற்றம்: டர்பன் வண்டியில் செய்த முறை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத்தில் தொண்ணூறுகளின் டொயோட்டா ஹைலக்ஸ் ஃபோர் பை ஃபோர் பக்கிகள் (பிக்கப் வண்டிகள்) இன்னும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. டொங்காட், வெருலம் பக்கம் கரும்புத் தோட்டச் செம்மண் பாதை, கடற்கரையில் படகு இறக்கும் வேலை, என்3 சாலையில் வான் ரீனன் கணவாய் ஏறி இறங்கும் பாரம் எல்லாம் இவற்றின் முன் சக்கரத்தில்தான் விழுகிறது. இந்த வகையில் பிரேக் டிஸ்க், சக்கரம் மாட்டும் நடுப்பகுதியான ஹப்பின் பின்புறத்தில் போல்ட் போட்டு முடுக்கப்பட்டிருக்கும். அதனால் டிஸ்க் மாற்ற வேண்டுமென்றால் ஹப்பைக் கழற்றி, பேரிங்கைத் திறந்தே ஆக வேண்டும். 2005இல் வந்த புதிய வடிவத்தில் டிஸ்க் வெளியிலிருந்தே உருவி வரும். கீழே சொல்வது அதற்குப் பொருந்தாது. முன் சக்கரத்தை அச்சோடு சேர்க்கவும் பிரிக்கவும் கையால் திருப்பிப் பூட்டும் ஃப்ரீ வீல் ஹப் உள்ள பழைய வண்டிக்கு மட்டும்தான்.

நாங்கள் எடுத்த வண்டி படகு இறக்கும் வண்டி. பைன்டவுன் பக்கம் ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் பிரேக் மிதித்தால் ஸ்டீயரிங் நடுங்கியது. மேடுபள்ளமான பாதையில் ஓடிவிட்டு வந்தால் முதல் மிதிக்கு பெடல் ஆழமாக இறங்கியது, இரண்டாம் மிதிக்குச் சரியானது. இந்த இரண்டாவது அடையாளத்தைக் கவனிக்க வேண்டும். பேரிங் தளர்ந்திருந்தால் டிஸ்க் ஆடும். ஆடும் டிஸ்க், அதை இறுக்கிப் பிடிக்கும் பிரேக் பேடுகளைப் பின்னுக்குத் தள்ளிவிடும். அடுத்த மிதியில் அந்த இடைவெளியை நிரப்பத்தான் பெடல் இறங்குகிறது. இதைப் பார்த்துவிட்டு மாஸ்டர் சிலிண்டரை மாற்றுகிறவர்கள் உண்டு. வீண் செலவு. வண்டியை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை உள்ளே உட்காரவைத்து பிரேக்கை மிதிக்கச் சொல்லி, மறுபடி ஆட்டுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங். நிற்காவிட்டால் பால் ஜாயின்ட்டையோ கிங் பின்னையோ பார்க்க வேண்டும்.

கழற்ற 54 மில்லிமீட்டர் ஹப் நட் சாக்கெட் கட்டாயம் வேண்டும். உளியை வைத்து நட்டைத் தட்டிச் சுழற்றும் பழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது. நட்டின் விளிம்பு பிய்ந்து, அந்த இரும்புத் தூள் நேரே பேரிங்குக்குள் போகும். பித்தளைச் சுத்தியல், பித்தளைத் தண்டு, சர்க்லிப் பிளையர், டார்க் ரெஞ்ச், கொக்கியுள்ள வில் தராசு ஒன்று. மீன் எடை பார்க்கும் தராசே போதும். இந்தக் கடற்கரையில் அது இல்லாத வீடு குறைவு.

முதலில் ஃப்ரீ வீல் ஹப்பின் டயலை ஃப்ரீயில் வைத்து மூடியைக் கழற்றுங்கள். உள்ளே அச்சு முனையில் இருக்கும் போல்ட்டும் சர்க்லிப்பும் போன பின் ஃப்ரீ வீல் ஹப் உடம்பின் ஆறு நட்டுகள். அவற்றை முழுக்கக் கழற்றாமல் ஸ்டட் முனைக்குச் சமமாக வரும்வரை தளர்த்திவிட்டு, முனையில் பித்தளைச் சுத்தியலால் தட்டினால் உள்ளே இறுகியிருக்கும் கோன் வாஷர்கள் தெறித்து வெளிவரும். ஸ்க்ரூ டிரைவரை இடுக்கில் விட்டு நெம்பக் கூடாது. நெம்பிய இடம் மேடாகிவிட்டால் அதன் வழியாகத்தான் பிறகு தண்ணீர் நுழையும்.

பேடுகளைத் தாங்கும் காலிப்பரின் இரண்டு போல்ட்டுகளையும் எடுத்து, அதைக் கம்பியால் சட்டத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். ஹோஸில் தொங்கக் கூடாது. பிறகு வாஷரின் மடிப்பை நிமிர்த்தி லாக் நட், வாஷர், அட்ஜஸ்டிங் நட் என்று வரிசையாக எடுத்து ஹப்பைச் சற்று இழுத்தால் வெளி பேரிங் கையில் வந்துவிடும்.

எங்கள் வண்டியின் கிரீஸ் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தது. அது தண்ணீர். நெடுஞ்சாலையில் ஓடிச் சூடான ஹப்பை நேரே கடலில் இறக்கும்போது உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுக்கிறது. உப்புத் தண்ணீர் ஆதலால் பேரிங் உருளைகளில் சீக்கிரமே துருப்புள்ளி விழும். கரை சேர்ந்ததும் அரை மணி நேரம் ஹப் ஆறவிட்டு, பிறகு படகை இறக்கினாலே பேரிங்கின் ஆயுள் கூடும்.

ஹப்பிலிருந்து டிஸ்க்கைப் பிரிப்பதுதான் அதிகம் மல்லுக்கட்டும் இடம். கடற்காற்றில் அந்த போல்ட்டுகள் துருவேறி ஒட்டிப்போயிருக்கும். முந்தின இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். ஆறு முனை சாக்கெட்டையே பயன்படுத்துங்கள்; பன்னிரண்டு முனை சாக்கெட் தலையை உருட்டிவிடும். பிடிமானத்துக்கு, ஹப்பைப் பழைய சக்கரத்தில் வீல் நட் போட்டு முடுக்கி, சக்கரத்தின் வெளிமுகம் தரையைப் பார்க்கப் படுக்கவைத்தால் டிஸ்க் போல்ட்டுகள் மேலே பார்த்து நிற்கும். டயரை ஒருவர் மிதித்துக்கொள்ள, நீளக் கைப்பிடியால் திருகலாம்.

டிஸ்க்கை மட்டும் மாற்றிப் பழைய ஹப்பை வைத்துக்கொள்வதென்றால் பேரிங் கப் (பேரிங்கின் வெளி வளையம்) உட்காரும் துளையைப் பாருங்கள். கப் கையாலேயே சுழன்றால் அந்த ஹப்புக்கு வேலை முடிந்தது. கப்பைச் சுற்றிப் பஞ்ச் அடித்து இறுக்குவது நிற்காது. எங்கள் வண்டியில் ஒரு பக்கம் அப்படித்தான் இருந்தது, அதனால் ஹப்பும் புதிது. புது ஹப் வாங்கும்போது ஸ்டட்டும் கப்பும் சேர்ந்து வருகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்டட் தனியே என்றால் பிரஸ்ஸில் ஏற்றுவது நல்லது. பேரிங்கும் கப்பும் ஒரே பெட்டியில் வந்த ஜோடியாக இருக்க வேண்டும். பழைய கப்பில் புது பேரிங் வைத்தால் சீக்கிரமே இரையும்.

புது டிஸ்க்கின் பாதுகாப்பு எண்ணெயை பிரேக் கிளீனரால் துடைத்து, ஹப் முகத்தைக் கம்பித் தூரிகையால் பளிச்சென்று தேய்த்த பிறகே சேர்க்க வேண்டும். ஹப் முகத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய துருச் செதில், டிஸ்க்கின் விளிம்புக்குப் போகும்போது இரண்டு மடங்கு கோணலாகும். விளிம்பில் அனுமதிக்கும் ஆட்டம் 0.09 மில்லிமீட்டர்தான். புது டிஸ்க் போட்டும் நடுக்கம் போகவில்லை என்று சொல்லும் பல வண்டிகளில் காரணம் இந்தத் துரு. போல்ட்டுகளைக் குறுக்கு வரிசையில் 64 நியூட்டன் மீட்டருக்கு முடுக்குங்கள். டிஸ்க்கை இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும், பேடும் புதிதாக.

கப்பை இறக்கும்போது பித்தளைத் தண்டால் எதிர் எதிர்ப் பக்கமாகத் தட்டுங்கள். அடியில் உட்கார்ந்ததும் சத்தம் மாறிக் கெட்டியாகக் கேட்கும். பேரிங்குக்கு இரண்டாம் எண் லித்தியம் வீல் பேரிங் கிரீஸ். உள்ளங்கையில் வைத்துப் பேரிங்கின் அகல விளிம்பை அழுத்தி அழுத்தி, உருளைகளுக்கு இடையே கிரீஸ் மறுபக்கம் பிதுங்கும்வரை ஏற்றுங்கள். மேலே பூசினால் போதாது. பழைய கிரீஸ் ஒரு துளியும் மிச்சம் இருக்கக் கூடாது. உள் பேரிங்கை வைத்து, புது சீலை நேராக இறக்கி, அதன் உதட்டிலும் கொஞ்சம் தடவுங்கள்.

இனி வருவதுதான் இந்த வேலையின் உயிர்நாடி. காலிப்பரை இன்னும் மாட்டாதீர்கள். அட்ஜஸ்டிங் நட்டை 59 நியூட்டன் மீட்டருக்கு முடுக்கி, ஹப்பை இரு பக்கமும் பலமுறை சுழற்றுங்கள். உருளைகள் உட்கார்ந்து, நட் சற்றே இளகும். மறுபடி 59க்கு முடுக்கி, பின் கையால் திருகும் அளவுக்குத் தளர்த்துங்கள். வில் தராசின் கொக்கியை ஒரு வீல் ஸ்டட்டில் மாட்டிச் செங்குத்தாக இழுங்கள். ஹப் நகரத் தொடங்கும் கணத்தில் 2.8 முதல் 5.6 கிலோ வரை காட்ட வேண்டும். காட்டும்வரை நட்டைச் சிறிது சிறிதாக முடுக்குங்கள். அடுத்து வாஷரை வைத்து லாக் நட்டை 47க்கு முடுக்கிவிட்டு, மறுபடி தராசைப் பிடியுங்கள். லாக் நட் இறுகும்போது மரையில் இருந்த தளர்வு போய் அழுத்தம் மாறிவிடும். இந்த இரண்டாம் அளவை விட்டுவிடுவதால்தான் பல வண்டிகளில் பேரிங் சூடேறிக் கருகுகிறது. அளவு சரியென்றால் வாஷரின் ஒரு நாக்கை உள்ளேயும் ஒன்றை வெளியேயும் மடியுங்கள்.

ஃப்ரீ வீல் ஹப்புக்குப் புது கேஸ்கெட், நட்டுகள் 31, மூடி போல்ட் 10, காலிப்பர் போல்ட் 123 நியூட்டன் மீட்டர். புது டிஸ்க் தடிமனாக இருப்பதால் பிஸ்டன்களை உள்ளே தள்ள வேண்டியிருக்கும். அதற்கு முன் பிரேக் ஆயில் குப்பியிலிருந்து கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிடுங்கள்; வழிந்தால் பெயின்ட்டைத் தின்னும். சக்கரம் மாட்டியதும், எஞ்சினை ஓடவிட்டு, வண்டியை நகர்த்தும் முன் பெடல் கெட்டியாகும்வரை மிதியுங்கள்.

பேட் பழக்க, வண்டி குறைந்த கரும்புச் சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 15 வரை மிதமாகக் குறைத்து, இடையில் டிஸ்க் ஆற ஓடவிட்டு, பத்துத் தடவை செய்யுங்கள். முழுக்க நிறுத்தி மிதித்துப் பிடிக்காதீர்கள். சூடான பேடின் பொருள் ஓரிடத்தில் படிந்து மறுபடி நடுக்கம் வரும். வந்து நிறுத்தியதும் இரண்டு ஹப்பையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மற்றதைவிட அதிகம் சுட்டால் அந்தப் பக்க நட் இறுகலாக இருக்கிறது. 1,000 கிலோமீட்டர் ஓடியதும் சக்கரத்தைத் தூக்கி ஆட்டிப் பார்த்து, ஆட்டம் தெரிந்தால் காலிப்பரைக் கழற்றித் தராசை மறுபடி மாட்டுங்கள்.