நாலடித் தொட்டிக்கு மீன் தேடும் முன் போர் தண்ணீரைப் பாருங்கள்

நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். சென்னையில் வீட்டுக்குப் பெரிய மீன் தொட்டி வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் வந்து நிற்கும் அளவு இது. கணக்குப்படி 255 லிட்டர் பிடிக்கும். மணலும் கல்லும் போட்டு மேலே இரண்டு அங்குலம் விட்டால், உள்ளே நிற்பது ஏறக்குறைய 215 லிட்டர். கண்ணாடி, மணல், ஸ்டாண்ட் எல்லாம் சேர்த்து எடை 350 கிலோ வரை போகும். பீம் ஓடும் சுவரை ஒட்டி, மட்டம் பார்த்து, அடியில் தெர்மோகோல் விரித்து வையுங்கள். வைக்கும் இடத்தைப் பற்றி இது போதும்.

மீனைப் பற்றித்தான் நிறையப் பேச வேண்டியிருக்கிறது. கொளத்தூர் கடைகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுற்றினால் எதை வாங்குவது என்று தலை சுற்றும். அங்கே போவதற்கு முன்பே வீட்டில் முடித்துவிட வேண்டிய வேலை ஒன்று உண்டு. உங்கள் வீட்டுத் தண்ணீர் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள். மீனுக்காகத் தண்ணீரை மாற்றப் போனால் அந்த வேலை என்றைக்கும் ஓயாது. தண்ணீருக்கு ஏற்ற மீனை எடுத்தால் பாதிப் பராமரிப்பு அப்போதே குறைந்துவிடும்.

சென்னையின் பல பகுதிகளில் போர் தண்ணீரின் டிடிஎஸ் (கரைந்துள்ள உப்பு, லிட்டருக்கு மில்லிகிராமில்) 800-க்கு மேல்தான். பிஎச் 7.5-லிருந்து 8.2 வரை இருக்கும். பக்கெட்டின் உள்பக்கம் வெள்ளை வெள்ளையாகப் படிகிறதே, அந்தச் சுண்ணாம்புதான் தொட்டியிலும் இருக்கும். டிடிஎஸ் மீட்டர் மொத்த உப்பை மட்டும் சொல்லும். ஜிஎச் (மொத்தக் கடினத்தன்மை), கேஎச் (கார்பனேட் கடினத்தன்மை) இரண்டையும் அளக்கும் சொட்டு மருந்துக் கிட் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பிஎச்சை அசையவிடாமல் பிடித்து வைத்திருப்பது கேஎச். அது அதிகமுள்ள தண்ணீரில் "பிஎச் டவுன்" திரவத்தை ஊற்றினால் சாயங்காலம் இறங்கிய பிஎச் காலையில் பழைய இடத்துக்கே ஏறிவிடும். மீன் சாவது பிஎச் 8 என்பதால் அல்ல, இந்த ஏற்ற இறக்கத்தால்.

சரி, முழுக்க ஆர்ஓ தண்ணீர் ஊற்றலாமா? வேண்டாம். வீட்டு ஆர்ஓ ஒரு லிட்டர் தருவதற்குள் இரண்டு மூன்று லிட்டரை வீணாக்கும். அதைவிடப் பெரிய சிக்கல், அதில் கேஎச் அநேகமாக இருக்காது. ஃபில்டரில் வாழும் பாக்டீரியா, மீன் கழிவில் வரும் அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றும்போது அமிலம் உண்டாகிறது. தடுக்கக் கேஎச் இல்லாததால் சில வாரங்களில் பிஎச் தடாலென்று சரியும்.

அடுத்தது வெப்பம். மே மாதத்தில் ஏசி இல்லாத ஹாலில் தொட்டித் தண்ணீர் 31, 32 டிகிரிக்குப் போகும். 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்ஸிஜன் பிடித்து வைக்கும், 30 டிகிரியில் அது 7.5 தான். மீனுக்கோ வெப்பம் ஏற ஏற ஆக்ஸிஜன் அதிகம் தேவைப்படும். இந்த ஒரு காரணத்துக்காகவே கோல்டு ஃபிஷ்ஷைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள், அது குளிர்ந்த தண்ணீரின் மீன். நியான் டெட்ரா அமேசானின் மென்மையான தண்ணீருக்கு உரியது, 26 டிகிரிக்கு மேல் தளர்ந்துபோகும். மிஸ் கேரளா என்று விற்கும் டெனிசன் பார்ப் நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மீன்தான். ஆனால் மலை ஓடையின் குளிர்ச்சியும் வேகமும் கேட்கும், காட்டில் அழிவின் விளிம்பில் இருப்பது வேறு. அதை விட்டுவிடலாம். டிஸ்கஸ் வெப்பத்தைத் தாங்கும், ஆனால் அதற்குச் செய்ய வேண்டிய பணிவிடை தனி உத்தியோகம்.

கடையில் மூன்று அங்குலத்தில் பார்ப்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள். "ஷார்க்" என்று விற்கும் வெள்ளிநிறக் குட்டி பங்காசியஸ் கெளுத்தி, ஒரு மீட்டரைத் தாண்டும். பாலா ஷார்க் ஓரடியைத் தொடும், கூட்டமாக வாழும் மீன், நாலடியில் திரும்பவே இடம் இருக்காது. ஆஸ்கரும் ஓரடிதான், வாயில் நுழைவதெல்லாம் அதற்குச் சாப்பாடு. இவற்றையெல்லாம்விட ஏமாற்றுவது "டேங்க் கிளீனர்" சக்கர் மீன். அது தின்னும் பாசியைவிடப் போடும் கழிவு அதிகம். ஒன்றரை அடி வரை வளரும், ராத்திரியில் தூங்கும் மீன்களின் உடம்பில் ஒட்டிச் சுரண்டவும் செய்யும். பெரிதானதும் ஏரியில் விட்டுவிடுகிறார்கள். நம் ஏரி குளங்களில் வலை போடுகிறவர்களுக்கு இன்று அந்த மீனால் வரும் தொல்லை கொஞ்சமல்ல. தயவுசெய்து எந்தத் தொட்டி மீனையும் ஏரியில் விடாதீர்கள், கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அப்படியானால் எதைத்தான் வைப்பது? கடினமான, வெதுவெதுப்பான தண்ணீரிலேயே சந்தோஷமாக இருக்கும் கூட்டம் ஒன்று இருக்கிறது. இந்த 215 லிட்டருக்குப் பொருந்துவது இதுதான்: போய்செமானி ரெயின்போ எட்டு, சோர்ட்டெயில் (வாள்வால் மீன்) ஆறு, யோயோ லோச் ஐந்து, பேர்ல் கௌராமி மூன்று.

தொட்டியின் நாயகன் போய்செமானி ரெயின்போ. இந்தோனேசியாவின் தென்மேற்குப் பப்புவா மாகாணத்தில் உள்ள அயமாரு ஏரிப் பகுதிதான் அதன் சொந்த ஊர். அங்கே தண்ணீர் 27-லிருந்து 30 டிகிரி, சுண்ணாம்பும் நிறைய. நம் போர் தண்ணீருக்கு இதைவிடப் பொருத்தமான மீனைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். ஆண் நாலு அங்குலம் வரும், பெண் சற்றுச் சிறியது. மூன்று ஆண், ஐந்து பெண் என்று ஒரே நாளில் விடுங்கள்.

கடையில் இதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒன்றரை அங்குலக் குட்டி வெறும் சாம்பல் நிறத்தில் இருக்கும். நிறம் முழுதாக ஏற ஏறக்குறைய ஒரு வருடம் பிடிக்கும், அதன்பின் முன்பாதி நீலமும் பின்பாதி ஆரஞ்சுமாக மாறும். காலையில் லைட் போட்ட முதல் அரைமணி நேரம் தொட்டி முன் உட்கார்ந்து பாருங்கள். இரண்டு ஆண்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்று, முதுகிலுள்ள இரண்டு துடுப்புகளையும் விரித்து, உடம்பை நடுக்கிக் காட்டும். நெற்றியில் மூக்கிலிருந்து முதுகு வரை வெளிர்க் கோடு ஒன்று பல்பு போட்டதுபோல எரியும், பெண் விலகிப்போனதும் அணையும். கடிபடாத சண்டை இது. பெண்கள் இல்லாமல் ஆண்களை மட்டும் வைத்தால் நிறம் இந்த அளவுக்கு வராது. வேறு வகை ரெயின்போக்களைக் கூட வைக்காதீர்கள், ஒன்றோடொன்று கலந்து கலப்பினக் குஞ்சுகள் வந்துவிடும். வாய் சிறியது, ஒரு மில்லிமீட்டர் தீவனம் கொடுங்கள். நன்றாகத் துள்ளும், தொட்டிக்கு மூடி கட்டாயம்.

ரெயின்போ கிடைக்காவிட்டால் அந்த இடத்தில் ஃபிலமென்ட் பார்ப் எட்டு விடலாம். தமிழ்நாடு, கேரள ஆறுகளில் தானாகவே வாழும் மீன், வால் அருகே கரும்பொட்டு, ஆணின் முதுகுத் துடுப்பில் நூல் நூலாக நீளும். இலங்கை ஆய்வாளர்கள் 2012-இல் இதைப் பழைய பேரினத்திலிருந்து பிரித்து, உயிரியலாளர் ரிச்சர்ட் டாக்கின்ஸ் பெயரில் டாக்கின்சியா என்று புதுப் பெயர் வைத்தார்கள். நம் ஆற்று மீனை நம் ஊர்த் தொட்டிகளில் அதிகம் காண முடியாதது வருத்தம்தான்.

யோயோ லோச் அடித்தளத்துக்கு. வட இந்திய ஆறுகளின் மீன், நாலு அங்குலம் தாண்டி வளரும். நத்தைகளைத் தேடித் தின்னும், சிந்திய தீவனத்தையும் பொறுக்கும். ஐந்துக்குக் குறைத்தால் ஒன்று மற்றொன்றை ஓயாமல் விரட்டும். மணல் வழவழப்பாக இருக்கட்டும், கூர்மையான கல்லில் மீசை தேய்ந்துபோகும். ஒன்றரை அங்குல பிவிசி பைப்பை ஐந்தாறு துண்டாக வெட்டிப் போட்டால் அதுவே வீடு. பக்கவாட்டில் சாய்ந்து செத்ததுபோலக் கிடக்கும், பதறவேண்டாம், அது ஓய்வெடுக்கும் விதம். கண்ணுக்குக் கீழே மடக்குக் கத்திபோல ஒரு முள் உண்டு, வலையில் சிக்கிக்கொள்ளும். அதனால் டப்பாவால் அள்ளுங்கள்.

பேர்ல் கௌராமி ஒரு ஆண், இரண்டு பெண். மேலே வந்து காற்றையே சுவாசிக்கும் மீன் என்பதால் ஆக்ஸிஜன் குறையும் மே மாதமும் அதற்குப் பாரமில்லை. நெஞ்சிலிருந்து நீளும் இரண்டு நூல்களால் புதிய கல், இலை, பக்கத்து மீன் என்று எதையும் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கும். டைகர் பார்ப் உள்ளே வந்தால் முதலில் போவது இந்த நூல்கள்தான். கூட்டம் குறைவாக இருந்தால் டைகர் பார்ப் இன்னும் மோசமாகக் கடிக்கும், எனவே கௌராமி இருக்கும் தொட்டியில் அது வேண்டவே வேண்டாம். குட்டை கௌராமி அழகுதான், ஆனால் அதைக் கொல்லும் வைரஸ் ஒன்று பண்ணைகளில் பரவியிருக்கிறது, மருந்து கிடையாது.

சோர்ட்டெயில் இரண்டு ஆண், நான்கு பெண். பெண் குறைந்தால் ஆண் விரட்டியே கொன்றுவிடும். குட்டி போட்டுத் தள்ளும் மீன், பெரும்பாலானதை மற்றவை தின்றுவிடும். இதற்குப் பதில் மோலியும் வைக்கலாம், கடினமான தண்ணீர் அதற்குக் கொண்டாட்டம்.

ஃபில்டர் மணிக்கு 1000-லிருந்து 1200 லிட்டர் ஓட்டுவதாக இருக்கட்டும், கூடவே ஏர் பம்ப்பில் ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர். தண்ணீர் விழும் வேகத்தை ஒரு முனைக்குத் திருப்புங்கள், ரெயின்போ அங்கே எதிர்நீச்சல் போடும். மறுமுனையில் மிதக்கும் செடிகளின் கீழ் கௌராமி நிற்கும். வாலிஸ்னேரியா என்ற நீர்ச்செடி நம் தண்ணீரில் களைபோல வளரும்.

மீன் விடும் முன் ஃபில்டரில் பாக்டீரியா வளர வேண்டும். இதில் அவசரப்பட்டால் முதல் மாதத்திலேயே தொட்டி காலி. பிஎச் 7-இல் இருக்கும் அமோனியாவைவிட பிஎச் 8-இல் நஞ்சாக நிற்கும் பங்கு ஏறக்குறைய பத்து மடங்கு, வெப்பம் அதை இன்னும் கூட்டும். நம் தண்ணீர் இந்த விஷயத்தில் இரக்கமில்லாதது. பாக்டீரியாவுக்குத் தீனியாகச் சுத்தமான அமோனியம் குளோரைடு 1.3 கிராம் போட்டால் 215 லிட்டரில் 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) அமோனியா வரும். அளந்து பார்த்து, குறைந்தபின் மறுபடி போடுங்கள். போட்ட 24 மணி நேரத்தில் அமோனியா, அது நைட்ரேட்டாகும் வழியில் உண்டாகும் நைட்ரைட் இரண்டும் பூஜ்யமானால் தொட்டி தயார். நாலு முதல் ஆறு வாரம் ஆகும். நோயில்லாத பழைய தொட்டியிலிருந்து ஒரு ஸ்பாஞ்ச் கிடைத்தால் பாதியாகக் குறையும்.

சோர்ட்டெயில் முதலில். இரண்டு வாரம் கழித்து ரெயின்போ, பிறகு லோச், கடைசியில் கௌராமி. ஆண் கௌராமி முன்னாடியே வந்துவிட்டால் தொட்டி முழுக்கத் தனக்குத்தான் என்று நினைத்துக்கொள்ளும். ஒவ்வொரு குழுவையும் 30 லிட்டர் டப்பில் ஸ்பாஞ்ச் ஃபில்டருடன் இரண்டு மூன்று வாரம் தனியே வைத்துப் பாருங்கள். கடையில் தேர்வு செய்யும்போது துடுப்பை ஒடுக்கிக்கொண்டு நிற்பது, வயிறு ஒட்டியது, கல்லில் உடம்பை உரசுவது, நூல்போல வெள்ளைக் கழிவு தொங்குவது, இதில் ஒன்று இருந்தாலும் அந்தத் தொட்டியில் எதையுமே வாங்காதீர்கள். வெள்ளைப் புள்ளி நோய்க்கு மருந்து போடும்போது லோச்சுக்கு அளவைப் பாதியாக்குங்கள், செதில் மிகச் சிறியது என்பதால் மருந்து எளிதில் தாக்கும்.

வாரம் ஒருமுறை 50, 60 லிட்டர் மாற்றுங்கள். மெட்ரோ தண்ணீரோ லாரித் தண்ணீரோ என்றால் குளோரின் இருக்கும், 50 லிட்டருக்கு 1 கிராம் சோடியம் தயோசல்ஃபேட் போதும். போர் தண்ணீரில் குளோரின் இல்லை என்று நிம்மதியாக இருப்பவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அடுக்குமாடியில் சம்ப் கழுவியதும் பிளீச்சிங் பவுடர் போடுவார்கள். அன்றைக்குத் தண்ணீர் மாற்றினால் ஒரு மணி நேரத்தில் எல்லா மீனும் மேலே வந்து வாயைப் பிளக்கும். கழுவும் தேதியை வாட்ச்மேனிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கோடையில் மூடியைக் கொஞ்சம் விலக்கி, இடைவெளியில் வலை கட்டி, தண்ணீர் மட்டத்தில் சின்ன ஃபேன் ஓடவிட்டால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். அதற்கேற்ப ஆவியாகும், ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே நிற்கும். குறைந்ததை மறுபடி போர் தண்ணீரால் நிரப்பினால் 1000 இருந்த டிடிஎஸ் ஜூன் வருவதற்குள் 1500 ஆகியிருக்கும். நிரப்புவதற்கு மட்டும் ஆர்ஓ தண்ணீர் பயன்படுத்துங்கள். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் வேண்டாம், காப்பர் குழாயைத் தொட்டு வருவது, காப்பர் லோச்சுக்கு ஆகாது.

கரண்ட் போனால் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும். நான்கைந்து மணி நேரம் நின்றுபோன கேனிஸ்டரை (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய ஃபில்டர்) அப்படியே ஆன் செய்யாதீர்கள், உள்ளே அழுகிய தண்ணீர் இருக்கும். திறந்து கொட்டிவிட்டு, ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசி, பிறகு ஓடவிடுங்கள். தீவனம் தினம் இரண்டு வேளை, இரண்டு நிமிடத்தில் தீர்வது மட்டும். சாக்கடையில் அள்ளிய செம்புழு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம், நோய் வருவது அந்த வழியில்தான். ஒரு வாரம் ஊருக்குப் போனால் வளர்ந்த மீனுக்கு ஒன்றும் ஆகாது. பக்கத்து வீட்டுக்காரரிடம் டப்பாவோடு கொடுக்காமல், மூன்று வேளைக்கு மூன்று பொட்டலம் மடித்துக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைப் பூட்டி வைத்துவிட்டுப் போங்கள்.