கல்லூரி மண்டபத்து 16 மில்லிமீற்றர்

அந்நாளில் யாழ்ப்பாணத்துத் தியேட்டர்களில் 35 மில்லிமீற்றர் அகலப் பிலிம் சுருள்கள் இரண்டு மெஷின்களில் மாறிமாறி ஓடும். திரையின் வலது மேல் மூலையில் சிறு வட்டமொன்று மின்னி மறைந்ததும் ஒப்பறேற்றர் அடுத்த மெஷினுக்கு மாற்றிவிடுவார், பார்ப்பவருக்குத் தெரியாது. எங்கள் கல்லூரி மண்டபத்தில் இருந்ததோ ஒரேயொரு 16 மில்லிமீற்றர் மெஷின். இரண்டு மணி நேரப் படம் ஏறத்தாழ 4,300 அடி. 1,600 அடிச் சுருளாக மூன்று. ஒரு சுருள் 44 நிமிடம். சுருள் மாற்ற இரண்டு தடவை மண்டப விளக்கைப் போட்டே ஆகவேண்டும்.

படத்தைப் பற்றிப் பேசப் பழகியது அந்த இரண்டு இடைவெளிகளில்தான். கதை பாதியில் நிற்கும்போது, இப்போது பார்த்த காட்சி ஏன் அவ்வளவு நீண்டது என்று கேட்க நேரம் கிடைக்கும். அடுத்த சுருளைப் பார்க்கிற கண்ணே வேறு. இன்றைக்கு இடையறாது ஓடும் தொடர்களுக்கு இந்த வாய்ப்பு இல்லை என்பது பெரிய இழப்பு.

மெஷினில் படம் ஏற்றுவது தனிக் கலை. பல்சக்கரங்கள் பிலிமை ஒரே சீராக இழுக்கும். ஒளி பாயும் சிறு சாளரமான கேற்றிலோ அது விநாடிக்கு 24 தடவை நின்று நின்று நகரும். இரண்டுக்கும் இடையே கேற்றுக்கு மேலேயும் கீழேயும் தளர்வாக வளையம் விடவேண்டும். கீழ் வளையம் இறுகினால் படம் துள்ளும், உதடும் குரலும் பிரியும். ஒலித்தடம் தன் படத்துக்கு 26 சட்டம் (பிலிமின் தனித்தனிப் படம்) முன்னால் பதிவாகியிருப்பதே காரணம். திரையோரத்தில் புல் முளைத்ததுபோல் தெரிந்தால் கேற்றில் தூசு. மெல்லிய தூரிகையால் துடைக்கலாம், உலோகம் படவே கூடாது. அறுந்த இடத்தை ஒட்டுமுன் ஒரு முனையில் படம் பதிந்த பூச்சை முற்றாகச் சுரண்டவேண்டும். பூச்சின்மேல் பசை பிடிக்காது. சுரண்டாத ஒட்டு அடுத்த காட்சியிலேயே விட்டுவிடும்.

பள்ளிகளுக்கும் செய்திப்படங்களுக்கும் உரியதென்று கருதப்பட்ட இந்த அளவிலேதான் இலங்கையின் முதல் தமிழ்ப்படமான 'சமுதாயம்' 1962இல் வந்தது. நம்முடைய சினிமா வரலாறு சின்னப் பிலிமில் தொடங்கியது என்பதை நாம் போதியளவு சொல்வதில்லை.

கல்லூரியின் மாணவர் இல்லங்களுக்கு இடையிலான மெய்வல்லுநர் போட்டி, பரிசளிப்பு விழாப் பிலிம்கள் உங்கள் வீடுகளில் தகரப் பெட்டிகளில் இருந்தால் முதலில் முகர்ந்து பாருங்கள். வினாகிரி மணம் வந்தால் பிலிமின் அடித்தளமான அசிற்றேற் பிளாஸ்டிக் சிதையத் தொடங்கிவிட்டது. அந்தப் பெட்டியை மற்றவற்றிலிருந்து பிரித்துக் குளிரான, ஈரமற்ற இடத்தில் வையுங்கள். ஆசைக்குக்கூடப் பழைய மெஷினில் ஓட்ட வேண்டாம். சுருங்கிய பிலிமின் துளைகள் பல்லோடு பொருந்தாமல் கிழியும். பல்சக்கரம் இல்லாத ஸ்கானர் வைத்திருக்கும் நிலையத்துக்கே கொடுங்கள். ஒலியற்ற பிலிமாயின் வேகத்தையும் சொல்லிவிடுங்கள்: பெரும்பாலும் விநாடிக்கு 16 அல்லது 18 சட்டம். 24இல் பதிந்துவிட்டால் இல்லங்களின் அணிநடை ஓட்டமாகத் தெரியும்.