அம்மாவும் பாதியில் நின்ற கப்பலும்

எங்கள் வீட்டில் இப்போதெல்லாம் காபி வேளைக்கு வந்துவிடுகிறது, பேச்சுதான் வருவதில்லை. அம்மாவின் இந்த மௌனத்துக்குக் காரணம், 1899ஆம் ஆண்டு ஐரோப்பாவிலிருந்து நியூயார்க்குக்குப் புறப்பட்ட ஒரு கப்பல். அதை நடுக்கடலில் நிறுத்திவைத்தது நான்தான் என்பது அவருடைய தீர்மானம்.

கேபிள்காரர் எங்கள் பெட்டியைப் பழுதுபார்க்க எடுத்துச்சென்று, நாளைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்துக்கொண்டிருந்த நேரம் அது. ஏழு மணிக்கு ஒன்று, ஏழரைக்கு ஒன்று எனப் பத்து மணிவரை நெடுந்தொடர் பார்த்துப் பழகியவரை வெற்றுத் திரைக்கு முன்னால் உட்காரவைத்தால் வீடு என்ன ஆகும் என்பது உங்களுக்கே தெரியுமாதலால், ஓடிடியில் '1899' என்ற தொடரைப் போட்டுவிட்டேன். அந்தக் கப்பலில் ஜெர்மன், போலிஷ், டேனிஷ், ஸ்பானிஷ், கான்டனீஸ் என்று ஆளுக்கொரு மொழி பேசுவார்கள். ஒருவர் சொல்வது அடுத்தவருக்குப் புரியாது. ஆகவே, தனக்கு மட்டும் புரியவில்லையே என்ற குறை அம்மாவுக்கு ஏற்படவே இல்லை. மூக்குக்கண்ணாடியை ஏற்றியும் இறக்கியும் ஆங்கில சப்டைட்டிலைப் படித்து, தாலுகா அலுவலகத்தில் காலமெல்லாம் கோப்பு பார்த்தவருக்கே உரிய சுருக்கத்தோடு அப்பா தமிழில் சொல்லிவந்தார். கேப்டனோடு பயணிகள் மல்லுக்கு நின்று, கத்தி, துப்பாக்கியைத் தூக்கி, கதவை உடைத்து ஓய்ந்த பிறகு, "கப்பலைத் திருப்பக் கூடாதாம்" என்பார். அதற்குமேல் ஒரு சொல் வராது.

அம்மாவுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. மனைவியையும் பெண் குழந்தைகளையும் தீயில் பறிகொடுத்த அந்தக் கேப்டனுக்கு, கப்பலில் வரும் டாக்டர் பெண்ணைக் கட்டிவைத்துவிடலாம் என்று அவர் மனத்துக்குள் நாள் குறித்தேவிட்டார். அந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே கணவனும் மகனும் இருக்கிறார்கள், அவளுக்குத்தான் நினைவு தப்பிவிட்டது என்று பின்னால் தெரியவந்தபோது, நான் பயந்ததுபோல் அம்மா குழம்பவில்லை. நம் நெடுந்தொடர்களில் நினைவு தப்பாத கதாநாயகி யார்? கடைசிப் பகுதியில் கப்பலே பொய், கடலே பொய், எல்லாம் கணினிக்குள் நடந்தது என்று ஆகி, அவள் 2099ஆம் ஆண்டில் ஒரு விண்கலத்தில் கண்விழிக்கிறாள். "எல்லாம் மாயையாம்" என்றார் அப்பா. "அதைத்தானே சங்கரரும் சொன்னார்" என்று அம்மா அதையும் ஏற்றுக்கொண்டார். அறிவியல் புனைவுக்கு இவ்வளவு பணிவான ரசிகையை நான் கண்டதில்லை.

அவரால் ஏற்க முடியாமல் போனது ஒன்றே ஒன்றுதான். "நாளைக்கு எத்தனை மணிக்கு?" என்று கேட்டார். நாளைக்குக் கிடையாது என்றேன். மூன்று சீசன்களாகத் திட்டமிட்ட கதை இது. 2022 நவம்பரில் முதல் சீசன் வந்தது, 2023 ஜனவரி பிறந்தவுடனேயே ரத்து என்று அறிவித்துவிட்டார்கள் என்று விளக்கினேன். ஃபைலை மூடிவிட்டார்கள் என்று அப்பா உதவிக்கு வந்தார். அம்மா எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். நடிகை விலகினால் "இவருக்குப் பதில் இவர்" என்று ஒரு வரி போட்டுவிட்டு அதே புடவையில் அடுத்தவரை நிறுத்துவார்கள். வில்லி சிறைக்குப் போய்த் திரும்பி வந்து மறுபடியும் போவாள். எப்படியோ ஆயிரம் பகுதி ஓட்டிக் கடைசியில் ஒரு வளைகாப்பில் எல்லாரையும் சிரிக்கவைத்து அனுப்புவார்கள். அப்படி வளர்ந்தவரிடம், கோடிக்கணக்கில் செலவழித்து எடுத்த கதையை அப்படியே அந்தரத்தில் விட்டுவிட்டார்கள் என்றால் நம்புவாரா? சந்தா கட்டாமல் விட்டதை மறைக்க நான் கதைகட்டுவதாகவே நினைத்தார்.

அத்தானைச் சாட்சிக்கு அழைத்ததில்தான் விஷயம் பெரிதாகியது. அத்தானுக்கு 2002ஆம் ஆண்டுக் காயமே இன்னும் ஆறவில்லை. 'ஃபயர்ஃப்ளை' என்ற விண்வெளித் தொடரை அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சி வரிசை மாற்றிப் போட்டது, முதல் பகுதியாக எடுத்ததைக் கடைசியில் காட்டியது, எடுத்த 14இல் 11ஐ மட்டும் ஒளிபரப்பிவிட்டு நிறுத்தியது என்பதையெல்லாம் அவர் பங்காளிகள் அபகரித்த தோப்பைப் பற்றிச் சொல்வதுபோல் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வார். அம்மா நியாயமான கேள்வி கேட்டார்: "யாரும் கடிதம் போடவில்லையா மாப்பிள்ளை?" வானொலிக்கு அஞ்சலட்டை எழுதியே பாட்டுக் கேட்ட தலைமுறை அல்லவா? அத்தான் உற்சாகமாகிவிட்டார். 1968இல் 'ஸ்டார் ட்ரெக்' என்ற விண்வெளித் தொடரை நிறுத்தப்போகிறார்கள் என்றதும் ரசிகர்கள் கடிதங்களாக அனுப்பிக் குவித்து, மூன்றாவது சீசனை வாங்கியேவிட்டார்கள். அதை ஒளிபரப்பிய என்பிசி தொலைக்காட்சி வெள்ளிக்கிழமை இரவு 10 மணிக்குத் தள்ளி, மறு ஆண்டே கதையை முடித்தது வேறு விஷயம். 2007இல் 'ஜெரிக்கோ' என்ற தொடர் நின்றபோது, அதை ஒளிபரப்பிய சிபிஎஸ் தொலைக்காட்சியின் அலுவலகத்துக்கு 20 டன்னுக்கும் மேல் வேர்க்கடலையை அனுப்பிவைத்தார்கள்; அதற்குக் கிடைத்தது மேலும் ஏழு பகுதி.

"வறுத்ததா, பச்சையா?" என்றார் அம்மா. அத்தானிடம் அதற்குப் பதில் இல்லை.

இந்த அனுபவங்களால் அத்தான் ஒரு விரதம் பூண்டிருக்கிறார்: முழுவதும் முடிந்துவிட்டது என்ற செய்தி வராத எந்தத் தொடரையும் அவர் தொடமாட்டார். அவருடைய நண்பர்கள் அத்தனை பேரும் அப்படித்தான். ஓடிடிக்காரர்களோ முதல் சில வாரங்களில் எத்தனை பேர் பார்த்தார்கள், அதில் எத்தனை பேர் கடைசிவரை வந்தார்கள், ஆன செலவுக்கு அது கட்டுபடியாகிறதா என்று கணக்குப் பார்ப்பவர்கள். நிறுத்திவிடுவார்களோ என்று இவர்கள் பார்க்காமல் இருக்க, பார்க்கவில்லையே என்று அவர்கள் நிறுத்திவிட, நடுவில் முதல் நாளே உட்கார்ந்து பார்க்கும் என்னைப் போன்ற ஏமாளிகளும் எங்கள் அம்மாக்களும் ஆளில்லாத கப்பலில் மாட்டிக்கொள்கிறோம். இதை அத்தானிடம் சொன்னால், "அதற்காக நான் பரிசோதனை எலி ஆக முடியுமா?" என்கிறார்.

ஆனால் அவரே ஒரு பரிகாரமும் சொல்லியிருக்கிறார்: 'தி எக்ஸ்பான்ஸ்' என்ற விண்வெளித் தொடர். ஆறு சீசன், 62 பகுதி. 2018இல் சைஃபை தொலைக்காட்சி மூன்றாவது சீசனோடு அதைக் கைவிட்டபோது, ரசிகர்கள் பணம் திரட்டி, பதாகை கட்டிய விமானத்தை அமேசான் ஸ்டூடியோ அலுவலகத்துக்கு மேலே பறக்கவிட்டார்கள். தொடர் பிழைத்துவிட்டது என்று அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸே ஒரு மாநாட்டில் அறிவித்தார். விமானம் விட்ட கதையைக் கேட்டதும் அம்மாவின் முகம் தெளிந்தது. இன்றிரவு தொடக்கம். அப்பா இப்போதே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

மூல நாவல்கள் ஒன்பது, தொடர் ஏறக்குறைய ஆறாவதோடு நின்றுவிடுகிறது என்பதை நாங்கள் அம்மாவிடம் சொல்லவில்லை. கடைசி சீசனில் ஒரு கிளைக்கதை வரும்: வேறொரு கோளில் ஒரு சிறுமியின் இறந்த தம்பியை நாய்போன்ற ஏதோ பிராணிகள் எழுப்பித் தருகின்றன. அக்காவும் தம்பியும் காட்டுக்குள் ஓடுவதோடு அந்தக் கதை நின்றுவிடும். "அந்தக் குழந்தைகள் என்ன ஆனார்கள்?" என்று அம்மா கேட்கும் வாரத்தில் தனக்கு வெளியூரில் ஆடிட் இருக்கும் என்று அத்தான் இப்போதே சொல்லிவைத்துவிட்டார்.