பழனியும் லாய்டும்

"மிஸ்டர் பலானி!"

கிளினிக்கில் அந்தப் பெண் மூன்றாவது தடவை கூப்பிட்டபோதுதான் உறைத்தது, அது என்னைத்தான். பழனி என் அப்பா. பாஸ்போர்ட்டுக்காக இனிஷியலை விரித்து எழுதியதில் அப்பா பெயர் எனக்குக் குடும்பப் பெயராகிவிட்டது. அப்பா போய் அப்போது வருஷம்கூடத் திரும்பவில்லை. அம்மா ஒருநாளும் வாயால் சொல்லாத பெயர் அது. ரேஷன் கடையில் கேட்டால்கூட என்னைத்தான் சொல்லச் சொல்வாள். அதை ழகரம் உடைத்து, முன்பின் தெரியாத கூட்டத்துக்கு நடுவே கூவியது நெஞ்சில் தைத்தது.

வேல்ஸில் லானெல்லி ஊருக்குக் குடிவந்து நாலு மாதம் ஆகியிருந்தது. சாயங்காலம் வேலியோரம் நின்ற பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் புலம்பித் தீர்த்தேன். அவர் குடும்பப் பெயர் லாய்ட். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "என் பெயரை நீங்கள் சரியாகச் சொல்கிறீர்களா?" என்றார்.

லாய்ட் என்பது ஆங்கில வாய்க்கு வளைந்த வடிவமாம். வேல்ஸின் சொந்த மொழியான வெல்ஷில் அது கிட்டத்தட்ட 'ஹ்லுயிட்'. தொடக்கத்தில் இரண்டு எல் எழுதினாலும் வெல்ஷில் அது ஒரே எழுத்து. லகரம் சொல்லப் போவதுபோல நாக்கு நுனியை மேல்பல்லுக்குப் பின்னால் ஒட்டிவைத்து, குரல் கொடுக்காமல் நாக்கின் ஓரமாகக் காற்றை மட்டும் விட வேண்டும். அடுப்பை ஊதுகிற சத்தம் எனக்கு வந்தது. ஊர்ப்பெயரிலேயே அந்த எழுத்து இரண்டு இடத்தில் வருகிறது. நாலு மாதமாக இரண்டையும் கொன்றிருக்கிறேன். அந்த ஒலி வராதவர்கள் வாயில் இதே பெயர்தான் ஃப்ளாய்ட் என்றும் ஆனது.

பொருள் சாம்பல் நிறம், நரை. யாரோ ஒரு முப்பாட்டனுக்குத் தலை நரைத்திருக்கும். நம்மூர் கருப்பையா, வெள்ளைச்சாமி மாதிரிதான். மகான்களைச் சொல்லும்போது அதே சொல்லுக்குப் புனிதம் என்ற பொருளும் உண்டாம்.

மற்றபடி வேல்ஸ்காரர்களும் ஒரு காலத்தில் நம்மைப்போல அப்பன் பெயர்க்காரர்கள். 'அப்' என்றால் மகன். ஹவெலின் மகன் அப் ஹவெல். அது ஒட்டி பவெல் ஆயிற்று. அப் ரீஸ் பிரைஸ் ஆயிற்று. 1536-க்குப் பிறகு ஆங்கிலச் சட்டம் வந்து, கொஞ்சம் கொஞ்சமாக அப்பன் பெயர் பரம்பரைப் பெயராக உறைந்துவிட்டது. என் பாஸ்போர்ட்டில் ஒரே நாளில் நடந்ததும் அதுதானே!

ஆனால் என்னை உலுக்கியது லாய்ட் ஜார்ஜ் கதை. 1916-இலிருந்து 1922 வரை பிரிட்டன் பிரதமர். வெல்ஷைத் தாய்மொழியாகக் கொண்ட ஒரே பிரதமர். ஒன்றரை வயதில் தகப்பனை இழந்தவர். ஜார்ஜ் தகப்பன் வழிப் பெயர். லாய்ட் யார் தெரியுமா? தாய்மாமன்! ரிச்சர்ட் லாய்ட், கிராமத்துச் செருப்புத் தொழிலாளி. அக்காவையும் பிள்ளைகளையும் வீட்டோடு கூட்டிவந்து வளர்த்தவர். அந்த மாமன் பெயரைத்தான் பிரதமர் கடைசிவரை தன் பெயரோடு சுமந்தார். படித்த அன்று ராத்திரியே எங்கள் மாமாவுக்குப் போன் போட்டேன். அப்பாவுக்குக் கொள்ளி வைத்துத் திரும்பிய வழியெல்லாம் என் கையை விடாமல் பிடித்திருந்தவர் அவர்.

இப்போது பழகிவிட்டது. "பலானி" என்றால் சட்டென்று எழுந்துவிடுகிறேன். எழுந்து நடக்கும்போதே, திண்ணையில் கண்ணாடியைத் தேடிக்கொண்டு தபால்காரருக்கு "இந்தா வர்றேன்" என்று சொல்லும் அப்பா வந்துவிடுகிறார்.

பெரியவர் என்னிடம் ழகரம் கற்றுக்கொண்டார். நாக்கை மடித்து மடித்து மூன்று வாரம். போன ஞாயிறு நான் அம்மாவோடு வீடியோ காலில் இருந்தபோது வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டார். "பழனி!" ழகரம் அப்படியே விழுந்தது.

அம்மா சட்டென்று முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"யாருடா அது, அப்பாவக் கூப்பிடுறது?"