அதோட முடிவு என்ன, மிஸ்?

சீனி வருத்தக் (நீரிழிவு) கிளினிக் நாட்களில் காலை 7 மணிக்கே வாங்குகள் நிரம்பிவிடும். கால் பார்ப்பதற்கென்று ஒதுக்கிய மூலையில், செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். கொட்டாஞ்சேனைக்காரர். வலது காலில் பெருவிரல் இல்லை. எங்கள் ஆய்வின் ஒப்புதல் படிவத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். கையெழுத்துப் போடப் பேனையை வாங்கியவர், போடாமல் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"மூணு வருசத்துக்கு முன்னயும் ஒரு பிள்ளை வந்து இதே கேள்வியெல்லாம் கேட்டிச்சு மிஸ். நானும் எல்லாம் சொன்னன். அதோட முடிவு என்னன்னு யாரும் வந்து சொல்லல்லயே?"

எனக்குத் தெரியாது. தெரியாது என்றுதான் சொன்னேன். "பரவாயில்ல மிஸ்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். அந்தப் பரவாயில்லையை வீடு வரைக்கும் சுமந்துகொண்டு வந்தேன். பொரளையில் 154 பஸ் ஏறி வெள்ளவத்தையில் இறங்கும்வரை வேறெதுவும் ஓடவில்லை.

நான் கொழும்பில் ஒரு மருத்துவ பீடத்தில் சமூக மருத்துவம் படிப்பிக்கிறேன். 19 வருடமாகிறது. பீடத்தின் அடுத்த ஐந்தாண்டுக்கான ஆய்வுத் திட்டத்தை எழுதும் குழுவில் இந்த முறை என்னையும் சேர்த்திருக்கிறார்கள். முதல் வரைவு 42 பக்கம். சர்வதேசத் தரவரிசை, கட்டுரைகளின் எண்ணிக்கை, வெளிநாட்டுக் கூட்டு முயற்சிகள், காப்புரிமை எல்லாம் அதில் இருக்கின்றன. அந்த அம்மாவின் கேள்விக்கு மட்டும் அதில் இடமில்லை.

அடுத்த நாள் நூலகத்துக்குப் போய் அந்தப் "பிள்ளை" யாரென்று தேடினேன். பட்டப்பின் பயிற்சியில் இருந்த ஒரு டொக்டர். கறுப்பு மட்டை போட்ட ஆய்வேடு, 186 நோயாளிகள். உண்மையைச் சொன்னால் நல்ல வேலை. காலில் புண் வந்தும் தாமதமாக வந்தவர்கள் ஏன் தாமதித்தார்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டு எழுதியிருந்தார். "நோகவில்லை, அதனால் பெரிதாக எடுக்கவில்லை" என்பதுதான் அதிகம் பேர் சொன்ன பதில். சீனியால் நரம்பு மரத்துப்போன காலில் நோவு தெரியாது, அதனால்தான் புண் ஆழமாகிறது. இதைவிடத் தெளிவாக ஒரு வருத்தம் தன்னை எப்படிச் சொல்லும்?

அதே தட்டில் அதே தலைப்பில் இன்னும் இரண்டு ஆய்வேடுகள் இருந்தன, அவை இன்னும் பழையவை. மூன்றையும் மேசையில் விரித்து வைத்துப் பார்த்தேன். ஒன்றில் கடந்த 6 மாதத்தில் புண் வந்ததா என்று கேட்டிருக்கிறார்கள், இன்னொன்றில் கடந்த ஒரு வருடத்தில். மூன்றாவதில் கால எல்லையே இல்லை. ஒருவர் சீனி அளவை வெறும் வயிற்றில் எடுத்திருக்கிறார், மற்றவர் மூன்று மாத சராசரியைக் காட்டும் பரிசோதனையைப் பயன்படுத்தியிருக்கிறார். சேர்த்துப் பார்க்க வழியில்லை. மூன்று பிள்ளைகள் மூன்று தடவை பூச்சியத்திலிருந்து தொடங்கி, பரீட்சை முடிந்ததும் மட்டை போட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எங்களிடமே ஒரு பொதுப் படிவம் இருந்திருந்தால் மூன்றும் ஒரே ஆய்வாக வளர்ந்திருக்கும். அப்படியொன்றை உண்டாக்கி வைப்பது பயிலுநரின் வேலை இல்லை. மேலே இருக்கும் எங்களுடைய வேலை.

இந்த நாட்டில் அது நடந்திராத விஷயமும் இல்லை. என் மாணவர்களுக்கு ஒவ்வொரு வருடமும் நான் சொல்லும் கதை பூச்சிமருந்துக் கதைதான். 1950க்கும் 1995க்கும் இடையில் இலங்கையின் தற்கொலை வீதம் 8 மடங்கானது. 1995இல் 1,00,000 பேருக்கு 47. உலகத்திலேயே மிக உயர்ந்த வீதங்களில் ஒன்று. பெரும்பாலானவர்கள் குடித்தது வயலுக்கு வாங்கி வைத்த மருந்து. அனுராதபுரம், பொலன்னறுவை, குருநாகல் வைத்தியசாலைகளில் வருடக்கணக்காக ஒரே விதமாகப் பதிவு செய்தார்கள்: யார் வந்தார், எதைக் குடித்தார், எத்தனை மணிக்கு வந்தார், பிழைத்தாரா. கேட்க எவ்வளவு சாதாரணம். ஆனால் அப்படிப் பதிந்ததால்தான் 2005இல் ஒன்று வெளிச்சத்துக்கு வந்தது. ஒரே வகுப்பு மருந்து என்று எல்லோரும் ஒன்றாக நினைத்திருந்த மூன்றில், குளோர்பைரிபொஸ் குடித்தவர்களில் 8 வீதம் பேர் இறந்தார்கள். டைமெத்தோயேட் குடித்தவர்களில் 23 வீதம். பென்தியன் 16 வீதம். 802 நோயாளிகளின் கணக்கு அது.

இப்படி வேறுபாடு தெரிந்தால், எதைத் தடை செய்வது என்று முடிவெடுப்பவருக்குக் கையில் ஒரு பிடி கிடைக்கிறது. மிக ஆபத்தான வகுப்பு மருந்துகள் 1995இலும், எண்டோசல்பான் 1998இலும் ஏற்கெனவே நிறுத்தப்பட்டிருந்தன. 2008க்கும் 2011க்கும் இடையில் பரகுவாட், டைமெத்தோயேட், பென்தியன் மூன்றும் நிறுத்தப்பட்டன. 2005 அளவிலேயே தற்கொலை வீதம் பாதியாகியிருந்தது, பிறகும் குறைந்தது. அதே வைத்தியசாலைகளில்தான் 4,632 பேரை வைத்து, வயிற்றில் நஞ்சை உறிஞ்சும் கரித்தூளைக் கொடுத்தால் உயிர் பிழைக்குமா என்று பரிசோதித்தார்கள். எல்லோருக்கும் வழமையாகக் கொடுப்பதால் பயனில்லை என்று 2008இல் முடிவு வந்தது. பயனில்லை என்று தெரிவதும் ஒரு வாட்டு நேர்சுக்கு எவ்வளவு பெரிய உதவி என்பது, நள்ளிரவில் மயக்கத்தில் கிடக்கும் ஒருவருக்குக் குழாய் போட்டுக் கரித்தூள் ஊற்றியவர்களுக்குத் தெரியும்.

கவனம் கலைந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் வெளியே போகத் தேவையில்லை. 1963இல் இலங்கை முழுவதிலும் பதிவான மலேரியா 17 பேருக்குத்தான். முடிந்தது என்று நினைத்துக் கண்காணிப்பைத் தளர்த்தினார்கள். 1969இல் 5 இலட்சத்துக்கும் மேல். மறுபடியும் ஒழுங்காகப் பிடித்து, உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளியை 2012 ஒக்டோபரில் கண்டு, உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழை வாங்க 2016 செப்டெம்பர் ஆனது.

எங்கள் குழுவில் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். ஒரு பீடாதிபதியின் காலம் 3 வருடம். திட்டத்தின் காலம் 5. ஒரு நல்ல கேள்விக்கு 15 வருடம் வேண்டும். பீடாதிபதி மாறும்போது கேள்வியும் மாறினால் ஒன்றும் முடியாது.

என் ஆசிரியர் ஒருவர் இருந்தார். இப்போது இல்லை. சனிக்கிழமைகளில் ஒரு பழைய ரெஜிஸ்டரைத் திறந்து வைத்து, அந்த வாரம் நிரப்பிய படிவங்களில் 10ஐ உருவி எடுத்து, நோயாளியின் கொப்பியோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். பிழை இருந்தால் நிரப்பியவரைக் கூப்பிட்டு மெதுவாகக் காட்டுவார். திட்டியதை நான் பார்த்ததே இல்லை. கட்டுரை வந்தால் பெயர் கடைசியில் இருக்கும், சில வேளை இருக்காது. அவர் ஓய்வு பெற்று நாலு வருடத்துக்குள் அந்த அறை வேறு தேவைக்குப் போனது. ரெஜிஸ்டர்கள் மாடிப்படிக்குக் கீழே போயின. ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு நான் போய்ப் பெட்டியைத் திறந்தபோது கறையான் நடுவில் சுரங்கம் போட்டிருந்தது. ஓரங்களில் மட்டும் அவருடைய சிவப்பு மைக் குறிகள்: "வயது?", "வலதா இடதா?". மூன்றைத்தான் காப்பாற்ற முடிந்தது, அவை இப்போது என் அலுமாரியில் இருக்கின்றன. இதற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியவில்லை, ரெஜிஸ்டரைப் பார்ப்பது யாருடைய கடமை என்று எந்தத் தாளிலும் எழுதியிருக்கவில்லை.

அதனால் திட்டத்தில் நான் கேட்டிருப்பது பெரிய கட்டடம் எதுவும் இல்லை. தரவைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள், நிரந்தரப் பதவியில், எந்த மானியத்தையும் நம்பியிராத சம்பளத்தில். கிளினிக்கில் ஒரே படிவம். பட்டப்பின் பிள்ளைகள் தங்கள் ஆய்வை அதற்குள்ளேயே ஒரு பகுதியாகச் செய்யலாம், புதிதாகப் படிவம் எழுதத் தேவையில்லை. இளம் விரிவுரையாளர் ஒருவர் இதை எதிர்த்தார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது: "மிஸ், எங்களுக்குப் பதவி உயர்வுக்கு முதலாவது பெயர் வேண்டும். ஒரே ஆய்வில் பத்துப் பேர் என்றால் முதலாவது பெயர் ஒருவருக்குத்தானே?" அன்று நீண்ட நேரம் பேசினோம். ஒரே பதிவேட்டிலிருந்து ஆளுக்கொரு கேள்வியை எடுத்து, அவரவர் முதலாவது பெயரில் எழுதலாம் என்று ஒரு ஒழுங்குக்கு வந்திருக்கிறோம். பீடாதிபதி அதுவரை பேசாமல் இருந்தார். பிறகு, "எனக்கு இன்னும் 14 மாதம்தான் இருக்கிறது, அந்தப் பதவியை மட்டும் நான் எப்படியும் எடுத்துத் தருகிறேன்" என்றார். தன் காலத்தில் பலன் தெரியாத ஒன்றுக்காக இத்தனை தூரம் நிற்கும் ஒருவரோடு வேலை செய்வது எனக்குப் பெரிய ஆறுதல்.

முடிவை நோயாளிக்குத் திரும்பச் சொல்வதும் திட்டத்துக்குள் வந்துவிட்டது. ஒரு பக்கத் தாள், தமிழிலும் சிங்களத்திலும். இங்கேதான் மொழி என்னைப் படுத்துகிறது. யாழ்ப்பாணத்தில் என் அம்மம்மா சலரோகம் என்பார். கொழும்பில் பலருக்கு அது சீனி வருத்தம். படிவத்தில் நீரிழிவு. மூன்றையும் எழுதினால்தான் எல்லோரும் தங்களுடையது என்று கண்டுகொள்கிறார்கள். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷனரியான சாமுவேல் கிறீன் வைத்தியர் 19ஆம் நூற்றாண்டிலேயே உடற்கூற்றையும் சத்திரசிகிச்சையையும் தமிழில் படிப்பித்து, இரணவைத்தியம், மனுஷ அங்காதிபாதம் என்று நூல்களும் போட்டார். அவருக்குப் பிறகு இவ்வளவு காலம் கழித்து, ஒரு பக்கத் தாளில் நான் தடுமாறக்கூடாது என்று நினைத்துக்கொண்டு எழுதினேன்.

முதலில் எழுதியதை எங்கள் வாட்டில் வேலை செய்யும் ஒரு அக்காவிடம் கொடுத்து உரக்க வாசிக்கச் சொன்னேன். "புற நரம்புப் பாதிப்பு" என்ற இடத்தில் நின்றுவிட்டார். "இது என்ன மிஸ், வெளியால இருக்கிற நரம்பா?" அதை வெட்டிவிட்டு, "காலில் உணர்வு குறைந்துபோவது" என்று போட்டேன். "எழுமாறாகத் தெரிவு செய்யப்பட்ட" என்ற இடத்தில் மறுபடியும் நின்றார். "சீட்டுக் குலுக்கிப் போடுற மாதிரியா?" என்று அவரே கேட்டார். அவருடைய சொல்லையே எடுத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை குழு மறுபடியும் கூடுகிறது, மூன்றாவது வரைவு. அதற்கு முன்னால், அந்தக் கறுப்பு மட்டை ஆய்வேட்டை எழுதிய டொக்டரோடு போனில் பேசினேன். இப்போது வெளிமாவட்டத்தில் இருக்கிறார். அவருடைய 186 பேரில் ஒருவர் முடிவைக் கேட்டார் என்றதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவவிட கால் இப்ப எப்படி மிஸ்?" என்று கேட்டார். இரண்டு பேருமாகச் சேர்ந்து அந்த ஆய்வின் முடிவை ஒரு பக்கத்துக்குள் சுருக்கியிருக்கிறோம். நோகாத புண்தான் ஆபத்தானது, தினமும் இரவில் உள்ளங்காலைக் கண்ணாடி பிடித்துப் பாருங்கள், குளிர் தண்ணீரா சுடு தண்ணீரா என்று காலால் பார்க்காமல் கையால் பாருங்கள்.

அந்த அம்மாவின் அடுத்த கிளினிக் வருகிற 14ஆம் திகதி. தாளைப் பெரிய எழுத்தில் அடித்து அவருடைய படிவத்தோடு சேர்த்துக் குத்தி வைத்திருக்கிறேன். மூக்குக்கண்ணாடி கொண்டுவர மறந்தாலும் அவரால் வாசிக்க முடியும்.