பெர்ல் இடைமுகமும் பயனர் அமர்வும்

ரிச்சி தெருவில் உதிரிபாகம் விற்கும் கடை ஒன்றுக்காகப் பெர்ல் நிரல்மொழியில், மோஜோலிசியஸ் என்ற வலைச் சட்டகத்தின் துணையுடன் இருப்புக் கணக்குப் பக்கம் எழுதி வருகிறேன். 2015-இல் வெளிவந்த பெர்ல் 5.22 முதல், வலைப்பக்கம் எழுத முன்பு பயன்பட்ட சிஜிஐ தொகுதி மொழியோடு சேர்ந்து வருவதில்லை.

மிகுந்த கவனம் கோருவது அமர்வுதான், அதாவது உள்நுழைந்த பயனரை அடுத்தடுத்த கோரிக்கைகளில் அடையாளம் காணும் முறை. மோஜோலிசியஸ் அமர்வுத் தரவை இயல்பாகவே கையொப்பமிட்ட குக்கீயாக (உலாவி சேமித்துத் திருப்பி அனுப்பும் சிறு தரவு) பயனரின் உலாவியில் வைக்கிறது. ரகசியச் சாவி தெரியாதவர் அதைத் திருத்த முடியாதே தவிர, பேஸ்64 என்ற, மறையாக்கமற்ற எழுத்து வடிவில் இருப்பதால் பிரித்துப் படிக்க எவராலும் முடியும். ஆகவே கொள்முதல் விலை போன்றவற்றை அதில் வைக்காமல், ஊழியரின் எண்ணையும் கீழே சொல்லும் பதிப்பெண்ணையும் மட்டும் வைக்கிறேன்.

கல்லாவில் உள்ள ஒரே கணினியைப் பலர் மாறிமாறிப் பயன்படுத்துவதால், அமர்வின் இயல்பான 3600 விநாடிக் காலாவதியை 600 ஆகக் குறைத்திருக்கிறேன். ஊழியர் வெளியேறிய பிறகும், முன்பே நகலெடுக்கப்பட்ட குக்கீ அதன் காலம் முடியும்வரை செல்லுபடியாகும் என்பதால், ஒவ்வொருவருக்கும் தரவுதளத்தில் ஒரு பதிப்பெண் வைத்து, அதைக் குக்கீயிலும் சேர்த்து, வெளியேறும்போது தரவுதளத்தில் அதை மாற்றிவிடுகிறேன்; பழைய எண்ணுள்ள குக்கீ அதன்பின் ஏற்கப்படாது.